பிடிக்க ஏழு, இழுக்க எழுபது

மதுரை கே.புதூர் தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் லேத்து இரைச்சல் காதை அடைக்கும். கொஞ்சம் நடந்தால் வார்னிஷ் வாசம் வரும். அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தது, கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரும் ஒரு சின்னப் பட்டறை. என் துணிப்பையில் கருகிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்தது. திருமங்கலம் பக்கம் மாமா நடத்தும் அரிசி ஆலையில், ஒரே சித்திரையில் போன இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் அது.

பட்டறைக்காரர் வாங்கி, முகர்ந்து பார்த்தார்.

"எத்தனை விஏ?"

"நூறு, அண்ணே." டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் சுமையின் அளவு அது, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியது.

"அதைக் கேக்கல. பேனல்ல இருக்கிறதுலயே பெரிய காண்டாக்டர் எது?"

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் காந்தத்தால் இழுத்துச் சேர்க்கும் சுவிட்சுதான் காண்டாக்டர். அதில் பெரியது எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆலை எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். அவர் பேனலைத் திறந்து காண்டாக்டர்களின் முகப்பைப் படித்துச் சொல்லும்வரை பட்டறைக்காரர் வேறு எதுவும் பேசவில்லை.

மோட்டார் ஓடுவது 415 வோல்ட்டில். அதை ஓடவும் நிற்கவும் வைக்கிற பட்டன், ரிலே, விளக்கு இவற்றுக்கு அவ்வளவு ஆகாது. அமுக்குவது மனிதர் விரல். நெல் தூசியும் ஈரமும் படிகிற இடம். அதனால் இடையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 110 ஆக இறக்கிக்கொள்கிறார்கள். இறக்குவதோடு பிரிக்கவும் செய்கிறது: இரண்டு சுற்றுக்கும் நடுவில் கம்பித் தொடர்பே கிடையாது, இரும்பில் ஓடும் காந்தம்தான் பாலம். 1831 ஆகஸ்டில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றிப் பார்த்தது இதே அமைப்புதான்.

மாமா ஆலையில் மோட்டாரைக் கிளப்பி ஓட்ட மெயின், ஸ்டார், டெல்டா என மூன்று பெரிய காண்டாக்டர்கள். மூடிய நிலையில் ஒவ்வொன்றும் 20 விஏ சுமாருக்குத்தான் எடுக்கும். ஒரே நேரத்தில் மூடியிருப்பது அதில் இரண்டு, விளக்கு ஐந்தாறு. எப்படிக் கூட்டினாலும் நூறுக்குள் அடங்குகிறது. நூறு போட்டவர் கணக்கில் பிசகு இல்லை. ஆனால் அவர் போட்டது பிடித்துக்கொண்டிருப்பதற்கான கணக்கு.

அலமாரியிலிருந்து ஒரு சின்னக் காண்டாக்டரை எடுத்து, உள்ளே இருக்கும் இரும்பை விரலால் அமுக்கிக் காட்டினார். இரும்பு விலகி நிற்கும்போது நடுவில் காற்றிடைவெளி. காயிலுக்கு எதிர்ப்பு குறைவு, கரண்ட் கொட்டும். டக்கென்று ஒட்டிக்கொண்டதும் கரண்ட் அப்படியே அடங்கிவிடும். "இந்தச் சின்னது பிடிச்சுக்கிட்டிருக்க ஏழு விஏ கேக்கும். இழுக்கிறப்ப எழுபது. உங்க ஆலையில இருக்கிறது இருநூறுக்கு மேல கேக்கும். மூணு வேற."

ஸ்டார்ட் பட்டனைத் தொட்டதும் ஸ்டார் விழும். அதன் துணை காண்டாக்ட் வழியாக உடனே மெயின் விழும். சில நொடி கழித்து ஸ்டாரை விடுவித்து டெல்டா. மெயின் இழுக்கிற அதே கணத்தில்தான் மோட்டாரும் கிளம்புகிறது. கிளம்பும் மோட்டார் லைன் வோல்டேஜைக் கீழே தள்ளும். டிரான்ஸ்ஃபார்மரிடம் அதிகம் கேட்கப்படும் நேரமும், அதற்கு வருவது குறைந்துபோகும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. எனக்குப் புரியாமல் இருந்த முடிச்சு இதுதான்.

காண்டாக்டர் காயில் தன் வோல்டேஜில் 85 சதவீதம் கிடைத்தால் இழுத்தாக வேண்டும் என்பது விதி. 110-க்கு அது 93.5. லைன் 370-க்கு இறங்கினால் 110 ஆக வரவேண்டியது 98 ஆகிறது. இழுப்பின் சுமையில் இன்னும் ஐந்து சதவீதம் விழுந்தால் 93. அரை வோல்ட்டில் போயிற்று. இரும்பு பாதி வந்து திரும்பும், மறுபடி வரும். டகடகவென்று அடித்துக்கொள்ளும். மூடவே மூடாததால் காயில் அடங்காமல் இழுப்புக் கரண்டையே எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நொடியில் முடிய வேண்டிய சுமையை நிமிடக்கணக்கில் சுமந்து டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோகிறது. தகரக் கொட்டகைக்குள், சித்திரை வெயிலில், மூடிய பேனலில்.

"அப்ப 380 டேப்புல மாட்டிட்டா?" என்று கேட்டேன். லைன் வோல்டேஜுக்கு ஏற்ப மாட்டிக்கொள்ள, சுற்றிலிருந்து வெளியே எடுத்துவிடும் இணைப்புதான் டேப்.

"மாட்டலாம். ராத்திரி பக்கத்து மில்லெல்லாம் ஓஞ்சு லைன் 440 வந்தா 127 போகும். காயில் 110 சதவீதம் வரைக்குந்தான் தாங்கும், 121. இங்கிட்டு நனையாம நின்னா அங்கிட்டு நனையணும்."

அதனால் 250 விஏ. இழுப்பைத் தாங்கும், வோல்டேஜ் அதிகம் சரியாது. 380, 415, 440 என மூன்று டேப்பும் வைத்துத் தருவதாகச் சொன்னார். ஆலையில் ஒரு வாரம் காலையும் இரவும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எதில் மாட்டுவது என்று முடிவுசெய்ய வேண்டுமாம்.

சுற்றியது ஓர் அக்கா. பாபினை மெஷினில் மாட்டி, 24 கேஜ் எனாமல் கம்பியை இடது கை விரல்களுக்கிடையில் விட்டு, வலது கையால் பிடியைச் சுற்றினார். 16 சதுர செ.மீ. கோருக்கு வோல்ட்டுக்கு 2.4 சுற்று, 415-க்கு 996. ஒவ்வொரு அடுக்கும் முடிந்ததும் பேப்பர். கம்பி ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் கண்ணை எடுக்காமலே விரலால் உணர்ந்து நிறுத்திவிடுகிறார். 912-இல் ஒரு டேப் எடுத்தபோது மட்டும் பேசினார்: "இந்த எடத்துல ஸ்லீவு சரியா ஏறலேன்னா, ரெண்டு வருசம் ஓடிட்டு ஒரு நாள் ஷார்ட் ஆகும் தம்பி. அன்னைக்கு யாரும் என்னையக் கேக்க மாட்டாக. ஆனா எனக்குத் தெரியும்ல." அந்த விரல்நுனிகளில் எனாமல் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏறியிருந்தது. இந்த வேலைக்குக் கூலி பீஸ் கணக்கு. இப்படி ஒரு கவனத்துக்கு அது போதாது என்றே நினைக்கிறேன்.

மேலே 19 கேஜில் 110 வோல்ட் சுற்று. கணக்குப்படி 264, சுமையில் விழுவதை ஈடுகட்ட 13 சேர்த்து 277. பிறகு ஒரு பையன் 'இ' வடிவத் தகடுகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என மாற்றி மாற்றிச் செருகினான். சேருமிடங்கள் ஒரே வரிசையில் வந்தால் இடைவெளி விழுந்து இரையுமாம். விளிம்பு கூர்மை, இரண்டு விரலில் சைக்கிள் டியூப் வெட்டி மாட்டியிருந்தான்.

வார்னிஷில் முக்கி ஓவனுக்குள் வைத்துவிட்டு, பட்டறைக்காரர் என்னிடம் ஒரு காகிதத்தில் படம் போட்டுத் தந்தார். 110-இன் ஒரு முனையை எர்த்தில் கட்ட வேண்டும். எல்லாக் காயிலின் ஒரு காலும் நேராக அந்த முனைக்கே போக வேண்டும், நடுவில் பட்டனோ ரிலேயோ வரக்கூடாது. ஸ்விட்சு எல்லாம் மறுமுனையில். அப்போதுதான் வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் ஃபியூஸ் போகும். எர்த் கட்டாமல் விட்டால் முதல் உரசல் யாருக்கும் தெரியாது. ஸ்டாப் பட்டனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இடம் உரசினால், பட்டனை அமுக்கியும் மெஷின் நிற்காது. தானாகவே கிளம்பவும் கூடும்.

"பெல்ட்டுக்குள்ள கைய விட்டுச் சுத்தம் பண்ணிக்கிட்டிருப்பான் ஒருத்தன்," என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. படத்தில் எர்த் குறியின்மேல் பேனாவை இரண்டு தடவை அழுத்தி ஓட்டினார்.

மறுநாள் சாயங்காலம் போய் வாங்கிக்கொண்டேன். மெகர் வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷனைப் பார்த்து, அளவைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சூடு இன்னும் முழுக்க ஆறவில்லை. திருமங்கலம் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது பையைத் தாண்டித் தெரிந்தது.