இருமுறை சூரியன் உதித்த பயணம்

பூகோள உருண்டையில் நூலைப் பிடித்து அளந்தபோது, காலி நகருக்கு அருகிலுள்ள கொக்கலைக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர் வந்தது. இடையில் கால் வைக்க நிலமில்லை. எல்லாம் இந்து சமுத்திரம். மணிக்கு 850 கிலோமீற்றர் பறக்கும் இன்றைய ஜெட் விமானத்துக்கு இது ஏழு மணி நேர வேலைதான் என்று வகுப்பில் கணக்குப் போட்டு மகிழ்ந்தோம்.

ஆனால் எங்கள் தோழி ஒருத்தி சிரித்தாள். அவளுடைய அக்கா பெர்த்தில் தாதியாகப் பணி செய்கிறார். அம்மம்மாவுக்குச் சுகமில்லை என்று கேட்டுப் புறப்பட்டவர், வழியில் இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து வீடு வந்து சேர ஒரு பகலும் ஓர் இரவும் ஆயிற்றாம். நல்ல வேளை, அம்மம்மா கண் விழித்துப் பேத்தியை அடையாளம் கண்டார். தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடும் என்று நாம் படிக்கிறோம். காத்திருப்போருக்கு அந்தக் கணக்குப் போதாது!

இதே கடலை 1943ஆம் ஆண்டில் கடந்தவர்களின் கதையை அறிந்தபோது வியந்தோம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலிருந்த வான்வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க, குவாண்டாஸ் நிறுவனத்தார் கற்றலினா என்னும் ஐந்து கடல் விமானங்களைப் பெர்த்தின் சுவான் ஆற்றுக்கும் கொக்கலை வாவிக்கும் இடையே ஓட்டினார்கள். அவற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவே. ஆகவே பயணம் 27 மணி முதல் 32 மணி வரை நீடித்தது. ஏறியவர்கள் ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டார்கள். அதற்குச் சான்றிதழும் கொடுத்தார்களாம்!

அவ்வளவு தூரம் செல்ல எரிபொருளே பெரும் பாரமாயிற்று. எனவே பயணிகள் மூவருக்கு மேல் இல்லை. தபால் 69 கிலோகிராம் மட்டும். பாரம் குறைக்க, குளிர்காக்கும் உறைகளைக்கூடக் கழற்றிவிட்டார்கள். புறப்பட்ட முதல் சில மணி நேரத்தில் ஓர் இயந்திரம் நின்றால், மற்றதால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. எதிரி கேட்டுவிடுவான் என்பதால் வானொலியிலும் மௌனம். அந்த 69 கிலோ தபாலில் எத்தனை தாய்மாரின் கடிதங்கள் இருந்தனவோ!

பிறகு வழி காட்டியவை எவை? விண்மீன்களே. விமானங்களுக்கும் அவற்றின் பெயர்களையே இட்டார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைகா. எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஆல்டேர் திருவோணம், அன்டாரிஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. அம்மம்மாமார் நாள் பார்க்கும் அதே மீன்களைப் பார்த்துத்தான் மாலுமி திசை குறித்திருக்கிறார்.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு 14,498 கிலோமீற்றரை எங்கும் நில்லாமல் ஏறக்குறைய 17 மணி நேரத்தில் கடக்கும் சேவை தொடங்கிற்று. கற்றலினா கொக்கலைக்கு வர எடுத்த நேரத்தைவிட அது மிகக் குறைவு.

1945இல் நின்ற அந்தச் சேவையில் 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. ஆயினும் அவை அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்றவை; போர் முடிந்ததும் ஒப்பந்தப்படி அவற்றைக் கடலில் மூழ்கடித்தார்கள். ஒன்றையாவது கொக்கலை வாவிக்கரையில் வைத்திருக்கக் கூடாதா என்பது எங்கள் வகுப்பின் ஆதங்கம்.