நெல்லையில் முதல் நாள்

துணையின்றிப் பிரயாணம் செய்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எங்கே நிற்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்று யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. அசௌகரியமும் உண்டு: மூட்டையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. சென்னையிலிருந்து இரவு வண்டியில் வந்து திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியதும், மூட்டையை ஒரு விடுதி அறையில் பூட்டிவிட்டு வீதிக்கு வந்தேன்.

புதிதாக வருகிறவரை இந்த ஊர் சற்றே மயக்குகிறது. "திருநெல்வேலிக்குப் போகவேண்டும்" என்றால், "எங்ஙன போகணும் அண்ணாச்சி? டவுனுக்கா, பாளையங்கோட்டைக்கா?" என்று ஆட்டோக்காரர் திருப்பிக் கேட்கிறார். மேற்கே கோயிலும் ரத வீதிகளும் கொண்ட டவுன், நடுவே ரயிலடி, கிழக்கே, ஆற்றுக்கு அப்பால், பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் மலிந்த பாளையங்கோட்டை. மாநகராட்சி ஏற்படுவதற்கு வெகு காலம் முன்பே இவற்றை ஒன்றோடொன்று பிணைத்தது ஒரு பாலம்.

1843-ல் திறக்கப்பட்ட பாலம் அது. அதற்கு முன் அக்கரை செல்ல ஓடந்தான் கதி. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார், நன்கொடைப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலையாமல், தம் சொந்தப் பணத்தைக் கொட்டி அதைக் கட்டுவித்தார். அவர் பெயரே பாலத்துக்கும் நிலைத்துவிட்டது. 11 வளைவுகள். இப்போது பக்கத்திலேயே புதிய பாலமும் வந்துவிட்டது. ஆயினும் நின்று பார்க்க எனக்குப் பழையதுதான் பிடித்தது.

கீழே தாமிரபரணி. பொதிகையில் பிறந்து, வேறு ராஜ்யம் எதிலும் கால் வைக்காமல், புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறாள். கரையோரத்து மருத மரங்களையும் காலை வெயிலையும் பார்த்தபோது மனம் நிறைந்தது. ஆனால் கண்ணைச் சற்றுத் தாழ்த்தினால் ஆகாயத்தாமரைப் பச்சையும், கரையிலிருந்து கறுப்பாக இறங்கும் சாக்கடையும் தெரிகின்றன. குடிக்கிற ஆற்றில் இதைக் கலக்க யாருக்கு மனம் வந்ததோ!

அங்கிருந்து குறுக்குத்துறைக்குப் போனேன். ஆற்றின் நடுவே பாறைகளின்மீது முருகன் கோயில் அமைந்திருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரைக் கரையிலுள்ள மேலக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் நீருக்குள்ளேயே இருப்பார். 2023 டிசம்பர் பெருவெள்ளத்திலும் கோயில் மூழ்கிற்று, நின்றது. படித்துறையில் வேட்டி பிழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்:

"எட்டு வயசிலேருந்து இங்கதான் குளிக்கேன், தம்பி. முன்னெல்லாம் ஒரு கை அள்ளிக் குடிச்சிட்டுத்தான் கரையேறுவோம். இப்ப ஆத்துல குளிச்சா, வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை குளிக்கச் சொல்லுதாவ."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நெல்லையப்பர் கோயிலைப் பற்றி நேயர்கள் நிறையப் படித்திருப்பார்கள். சுவாமி கோயிலையும் காந்திமதியம்மை கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647-ல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது. ஸ்வரம் எழுப்பும் கல்தூண்கள் ஒரு புறம், நடராஜருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபை இன்னொரு புறம். அரை நாள் போதாது.

ஆனால் அன்று என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது கோயிலுக்கு வெளியே உள்ள வீதிகள்தான். சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய சிவாவையும் 1908 மார்ச் 12-ல் சர்க்கார் கைது செய்தது. மறுநாள் இந்நகரில் கடைகள் மூடின. மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியே வந்தார்கள். நகரசபைக் கட்டிடமும் போலீஸ் ஸ்டேஷனும் தாக்கப்பட்டன. போலீசார் சுட்டதில் 4 பேர் மாண்டனர். வருஷந்தோறும் வகுப்பில் இதை நான் ஒரே வரியில் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வரி இங்கே வீதியாகக் கிடந்தது: பாத்திரக் கடை, பூக்கடை, ஜவுளிக் கடை, கத்தரிக்காய் பேரம் பேசும் அம்மாள். சிதம்பரனார் பெயர் துறைமுகத்துக்கு இருக்கிறது, இருக்கவேண்டியதுதான். அந்த நால்வர் பெயரை மூன்று கடைகளில் விசாரித்தேன். "அல்வாக் கடை அதோ, அண்ணாச்சி" என்று ஒருவர் வழி காட்டினார். அவரைக் குறை சொல்வானேன்? வெளியூரான் வேறு எதைத் தேடி வருகிறான்!

மாலையில் நானும் அந்த வரிசையில் நின்றேன். இலையில் வைத்துக் கொடுத்த நூறு கிராம், நெய் விரலிடுக்கில் வழிய வழிய, தொண்டையில் தானே இறங்கிற்று. முன்னால் நின்றவர் உள்ளூர்க்காரர். "மாவும் சீனியும் எங்கும் கிடைக்கும், அண்ணாச்சி. இந்த ருசி எங்க ஆத்துத் தண்ணியால வாறது" என்று பெருமையோடு சொன்னார்.

பொதிகையில் இறங்கும் தண்ணீரா, குறுக்குத்துறையில் நான் பார்த்த தண்ணீரா என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்காமல் இன்னும் நூறு கிராம் வாங்கிக்கொண்டு விடுதிக்கு நடந்தேன்.