திரையெழிலும் எழுத்துத் தெளிவும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், துறையூரை அடுத்து ஓங்கி நிற்பது பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய அதனை மழைக்காலத்தில் மூடுபனி தழுவும். பனி மெல்லிதாயின் மரமும் பாறையும் அதனூடே தோன்றிக் கண்ணுக்கு விருந்தாகும். அடர்ந்ததாயின் எதிரே வரும் பேருந்தும் புலப்படாது. மறைத்தும் மறையாதும் காட்டும் இவ்வெழிலைக் கணினித் திரையிலும் காண மாந்தர் விழைந்தனர்.

கணினியில் ஒவ்வொரு பணிக்கும் திறக்கும் கட்டத்தைச் சாளரம் என்கிறோம். சாளரத்திற்குக் காலதர் என்னும் பழம்பெயரும் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலச் சொல்லாகிய விண்டோ என்பதும் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய நார்சு மொழிச் சொல்லினின்று பிறந்ததேயாம்.

வீட்டுச் சாளரத்திற்குத் திரைச்சீலை தெரிந்தெடுப்பது போலவே, கணினிக்கும் கைபேசிக்கும் நிறம், பின்னணிப் படம், எழுத்தளவு ஆகியவற்றை நாமே அமைத்துக்கொள்ளலாம். இவற்றின் தொகுதியைத் தீம் என வழங்குவர். 2001-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியைத் திறந்தோர் கண்டது ஒரு பசுங்குன்று. அது கலிபோர்னியாவில் 1996-ஆம் ஆண்டு சார்லசு ஓ'ரியர் என்பார் எடுத்த ஒளிப்படம். உலகெங்கும் அப்படம் பரவியது உண்மையே. எனினும் பச்சைமலைச் சிற்றூர் மாணவன் ஒருவன் தன் மலையின் படத்தைத் தன் திரையில் வைத்துக்கொள்வானாயின், அக்கருவி அவனுக்கே உரியதாகிவிடும். அவ்வுரிமையே இக்கலையின் உயிர்.

ஒளிபுகு சாளரம் அமைவது எவ்வாறு? மேலுள்ள சாளரத்தின் நிறத்தில் எழுபது பங்கும், கீழுள்ள காட்சியின் நிறத்தில் முப்பது பங்கும் கலந்து காட்டினால், கண்ணாடி வழியே பார்ப்பது போலத் தோன்றும். கீழுள்ளதைச் சற்று மங்கலாக்கினால் பனி படர்ந்த கண்ணாடி போலாகும். அதற்குக் கருவி மிகுதியாகக் கணித்தல் வேண்டும். மின்கலத்தின் ஆற்றலும் செலவாகும்.

2007-ஆம் ஆண்டு மக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இக்கண்ணாடித் தோற்றத்தைப் பரப்பியது. 2012-ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 8, சாளரச் சட்டங்களினின்று அதனை நீக்கியது. 2025-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் 'திரவக் கண்ணாடி' என்னும் பொருள்படும் பெயருடன் அதனை மீண்டும் கொணர்ந்தது. எழுத்துத் தெளிவு குன்றியதெனப் பலர் முறையிட, சாயலை அடர்த்தியாக்கும் வாய்ப்பை அவ்வாண்டிலேயே அளித்தது.

இம்முறையீடு தமிழர்க்கு மிகவும் பொருந்தும். நம் எழுத்தில் சிறு புள்ளிக்கும் பெரும் பொருள் உண்டன்றோ! புள்ளி மறைந்தால் 'பல்', 'பல' என்றாகிவிடும். புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென அஞ்சிப் பண்டு ஏடெழுதினோர் பெரும்பாலும் அதனை இடாது விட்டனர். அதனால் சுவடி படிப்போர் பட்ட இடர் பெரிது. அச்சு வந்து போக்கிய அவ்விடரை, அழகின் பொருட்டு நாமே மீண்டும் வருவித்தல் தகுமோ? பாட்டனாரின் கைபேசிக்கு மருந்தின் அளவைக் குறித்துச் செய்தி வருகிறது. எழுத்தின் பின்னே பூந்தோட்டம் தெரிகின்றது, எழுத்தோ தெரியவில்லை. அவ்வழகால் அவருக்கு யாது பயன்?

எழுத்தின் ஒளிக்கும் பின்னணியின் ஒளிக்கும் உள்ள விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 என இருத்தல் வேண்டும் என்பது வலைப்பக்க அணுகல் நெறிகள் வகுத்த அளவு. பெரிய எழுத்திற்கு 3-க்கு 1 போதும். இவ்வளவைக் கருவியால் கணித்தறியலாம். கருவி இல்லையெனினும் கவலை இல்லை. வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் திரையைக் காட்டி, "படிக்க முடிகிறதா?" என வினவுக. அவர் கண் சுருக்கினால், அமைப்புகள் பகுதிக்குச் சென்று ஒளிபுகு தன்மையைக் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கித் தருக.

தன் திரையைத் தன் விருப்பப்படி அணிசெய்தல் உரிமை. பிறர் படிக்கும் திரையை அவர் கண்ணுக்கேற்ப அமைத்துத் தருதல் பண்பு. இவ்விரண்டும் அறிந்தவனே இக்கலையில் தேர்ந்தவன் ஆவான்.