புயலைக் கண்டவர்கள் இருக்கும்போதே

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அங்கே பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அன்றைக்குக் குடும்பத்தைக் கட்டிக் காத்த பெரியவர்களில் அநேகர் காலமாகிவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் அப்போது சிறுவர்களாகவும் இளவட்டங்களாகவும் இருந்தவர்கள்தான். ராமேஸ்வரம், பாம்பன் என்று பக்கத்திலேயே தங்கிவிட்டவர்கள் பலர். கல்யாணம், பிழைப்பு என்று கடலே தெரியாத ஊர்களுக்குப் போனவர்களும் உண்டு. அப்படி வந்த ஒருவர் எங்கள் குமுளியில் இருக்கிறார். தெருவில் எல்லாருக்கும் அவர் ராமேஸ்வரத்துப் பாட்டி.

குமுளிக்கும் காற்று புதிதல்ல. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும். கீழே வாழை சாயும். மேலே ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்களின் கிளை முறிந்து விழும். அந்த நாட்களில் பாட்டி ராத்திரியில் படுப்பதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைப்பார். பகலில் முறத்தில் ஏலக்காயைப் பரப்பிக்கொண்டு வெடித்த காயையும் கறுத்த காயையும் பொறுக்கிக்கொண்டிருப்பார். பேச்சு எங்கே போனாலும் விரல் நிற்காது. தகரக் கூரை ஒரு தரம் தூக்கி அடித்தால் மட்டும் விரல் நின்றுவிடும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். பிறகு மறுபடி காய் பொறுக்குவார்.

அந்தப் புயலைப் பற்றி ஏடுகள் சொல்வது நமக்குத் தெரியும். டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வுநிலை வலுத்து, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பக்கம் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. மணிக்கு 280 கிலோமீட்டர் வரை காற்றின் வேகம் கணிக்கப்பட்டது. பாம்பனிலிருந்து இரவு 11.55க்குக் கிளம்பிய 653ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. டிரைவர் காத்திருந்து பார்த்துவிட்டு, நீளமாக விசில் ஊதி, இருட்டிலேயே வண்டியை நகர்த்தினார். எழும்பி வந்த அலை ரயிலையே மூடிவிட்டது. 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இறந்ததாக ரயில்வே கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்பவர்கள் உண்டு. இந்தச் செய்தி ரயில்வே தலைமையகம் வழியாக வெளியே வர இரண்டு நாள் ஆயிற்று. இந்தியாவிலும் இலங்கையிலும் சேர்த்து ஏறக்குறைய 1,800 உயிர்கள் போயின.

பாட்டிக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேறு. "ஆண் கடலப் பார்த்துத்தான் நாங்க பயப்படுவோம். அன்னைக்கு மொதல்ல ஏறுனது பெண் கடல்" என்பார். தனுஷ்கோடி இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கும் மணல் திட்டு. தெற்கே மன்னார் வளைகுடா, அலை அடிக்கும் ஆண் கடல்; வடக்கே பாக் நீரிணை, குளம்போல் கிடக்கும் பெண் கடல். சாயங்காலமே வடக்குக் காற்று நிற்காமல் வீசியதும், அவருடைய அப்பா வாசலில் வந்த நீரை நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரிக்கிறது என்று சொன்னதும், பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டு மணல் மேட்டுக்கு ஓடியதும், அம்மா தன் முந்தானையைப் பிள்ளைகளின் இடுப்பில் சுற்றிக் கட்டியதும் அவருக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கின்றன. கடைசித் தம்பி அந்தக் கட்டிலிருந்து நழுவிப் போனான். அந்த இடம் வரும்போது குரலை உயர்த்தாமல், நிறுத்தாமல், கடந்து போவார். சொல்லிச் சொல்லி ஆறிய துக்கம் அல்ல அது. சொல்லாமல் இருக்க முடியாததால் சொல்வது.

ரயிலின் விசிலைத் தான் கேட்டதாகவும் அவர் சொல்வார். அந்தக் காற்றில் அது காதில் விழுந்திருக்குமா, பிற்பாடு பெரியவர்கள் பேசியது நினைவோடு கலந்துவிட்டதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அறுபது வருஷத்தில் கண்டதும் கேட்டதும் கலப்பது இயல்பு. தேதியும் எண்ணிக்கையும் மாறலாம். ஆனால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த மேடு நின்றது, எத்தனை நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்பதையெல்லாம் பிழைத்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. அடுத்த தலைமுறைக்கு வேண்டியதும் அதுதான். எந்தக் கருவியும் பதிவு செய்யாத தகவல் அது.

உலகம் இதைச் சில இடங்களில் புரிந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 13 மாநிலங்களில் 148 சுழற்காற்றுகள் இறங்கின. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒஹையோவின் செனியா நகரம் சின்னாபின்னமானது. அந்த அடிக்குப் பிறகுதான் அங்கே எச்சரிக்கை ஒலிபரப்பும் வானிலை வானொலி நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. நம் ஒடிசாவில் 1999 அக்டோபர் 29ஆம் தேதிப் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013இல் ஃபைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் அளவுக்கு முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. அரசு சொன்னவுடன் அத்தனை ஜனமும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியதற்கு எச்சரிக்கை மட்டும் காரணமாக இருக்க முடியாது. 1999ஐக் கண்ணால் கண்டவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள் என்பதும் காரணம்.

குமுளி அடங்கிய எங்கள் இடுக்கி மாவட்டத்திலும் அப்படிப்பட்ட நினைவு ஒன்று இருந்தது. கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலை வெள்ளம். மூணாறு நகரத்தைச் சிதைத்து, குண்டலை பள்ளத்தாக்கு ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது; அந்த ரயில் திரும்ப ஓடவேயில்லை. மலையாளிகளும் தமிழர்களும் வயதைக் கணக்கிடவே அந்த வெள்ளத்தை வைத்துக்கொண்டார்கள். ஆனால் கண்டவர்கள் போன பிறகு அது வெறும் கதையாகிவிட்டது. 2018 ஆகஸ்டில் ஆறுகள் பழைய அளவுக்குப் பொங்கியபோதுதான், தாத்தா சொன்ன அடையாளம் உண்மைதான் என்று ஊர் உணர்ந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். ஏறக்குறைய எல்லாரும் நம் தமிழ் ஜனங்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. செய்தி வெளியே வந்ததே காலையில்தான். தனுஷ்கோடிக்கும் பெட்டிமுடிக்கும் நடுவே ஐம்பத்தாறு வருஷம். இரண்டு இடத்திலும் இருட்டில் கூப்பிட்டவர்களின் குரல் வெளியே எட்டவில்லை. இதை நினைக்கும்போது எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

நம்மிடம் நினைவுக்குப் பஞ்சமில்லை; அதைக் கேட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை. தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்தோம். 2017க்குப் பிறகு அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று ஆயிரக்கணக்கானோர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவர் எதையும் சொல்லாது. சொல்லக்கூடியவர்கள் பக்கத்துத் தெருக்களில் கருவாடு விற்றுக்கொண்டோ, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோ இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ புயலையோ வெள்ளத்தையோ மலைச்சரிவையோ தாண்டி வந்த பெரியவர் இருந்தால், இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்க வேண்டாம். முதலில் எது மாறியது, யார் வந்து சொன்னார்கள், எந்தப் பக்கம் ஓடினீர்கள், எந்த இடம் தாங்கியது என்று கேளுங்கள். கையிலிருக்கும் போனிலேயே பதிவு செய்யுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் பஞ்சாயத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தனுஷ்கோடியைக் கண்டவர்களிடம் கேட்க நமக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கலாம். அதற்கு மேல் இல்லை.