ஆறிய பின் ஓடிய வண்டி

இன்று சிறுசேரி என்றவுடன் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் கண்ணாடிக் கட்டடங்களும் நினைவுக்கு வருகின்றன. 1993-இல் பழைய மகாபலிபுரம் சாலையின் அந்தப் பகுதியில் பகலிலேயே ஆள் நடமாட்டம் குறைவு. அங்கேதான் என் மச்சானின் ராஜ்தூத் வண்டி நின்றுபோனது.

மச்சான் கைலி வியாபாரி. அந்த வண்டியில்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்பார். அக்காள் வீட்டு அடுப்பு அதனால்தான் எரிந்தது. கோவளம் சென்றுவர ஒரு நாள் இரவல் கேட்டேன். “பெட்ரோல் போட்டால் ஆயிலை மறந்துவிடாதே தம்பி” என்று மட்டும் சொல்லிச் சாவியைத் தந்தார்.

நாவலூரைக் கடந்ததும், யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல வேகம் தளர்ந்தது. திருகினால் மேலும் தளர்ந்தது. தீய்ந்த வாடை, மெல்லிய கிறீச்சொலி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். பின்னால் வந்த லாரி ஒதுங்கிச் சென்றது அல்லாஹ்வின் கிருபை.

கிக்கர் அசையவில்லை. புளியமர நிழலில் அரைமணி நேரம் காத்திருந்து உதைத்தேன். வண்டி ஓடிற்று! யாரிடமும் சொல்லாமல் அப்படியே ஒப்படைத்துவிடலாம் என்ற எண்ணம் அப்போதே எழுந்தது. ஆனால் உள்ளே தகரத்தைத் தட்டுவது போன்ற ஓசை. அணைத்துவிட்டுக் கேளம்பாக்கம்வரை தள்ளிச் சென்றேன்.

மெக்கானிக் பாய் முதலில் கேட்டது, “ஆயில் கலந்தீர்களா?” என்றுதான்.

“கலந்தேன்” என்றேன்.

அவர் எதுவும் பேசாமல், பெட்ரோல் குழாயிலிருந்து சில துளிகளை ஒரு வெள்ளைத் தாளில் விட்டார். துளிகள் காய்ந்தன, எண்ணெய்க் கறை சிறிதும் இல்லை. பிறகு ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பிஸ்டனை என்னிடம் காட்டினார்.

“தலையில் ஓட்டை விழுந்திருந்தால் இக்னீஷியனையும் பிளக்கையும் சந்தேகிக்க வேண்டும். புகை வெளியேறும் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், காற்று மிகுந்து சூடேறியதாக இருக்கலாம். கார்புரேட்டரையும் கிராங்க் சீலையும் பார்ப்போம். உள்ளிழுக்கும் பக்கம் மெல்லிய கீறல்கள் என்றால் தூசி. இது சுற்றிலும் உரசியிருக்கிறது.”

நான்கு ஸ்ட்ரோக் வண்டியைப் போல இதன் எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான், வண்டிக்கேற்ப லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி வரை, பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர். அது இல்லாவிட்டால் அலுமினியப் பிஸ்டன் சூடேறி, வார்ப்பிரும்புச் சிலிண்டரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிந்து இறுகிவிடுகிறது. ஆறினால் சுருங்கி விடுபடும்.

“அதனால் ஓடும். ஓடுவதால் குணமாகிவிட்டது என்று பொருளில்லை. இப்படியே கொடுத்திருந்தால், மூட்டையோடு போகும்போது அவருக்கு மீண்டும் பூட்டியிருக்கும்” என்றார் பாய். என் பொய்யைப் பற்றி அவர் பேசவேயில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மஃரிபுக்குப் பின் அக்காள் வீட்டுத் திண்ணையில் அனைத்தையும் சொன்னேன், ஆயில் கலந்ததாகச் சொன்ன பொய் உட்பட. மச்சான், “விழுந்தாயா?” என்று கேட்டார். அக்காள்தான் திட்டினாள்.

சிலிண்டரைக் கடைந்து, அடுத்த அளவுப் பிஸ்டன் போட நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் மூட்டை பஸ்ஸில் சென்றது. ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். வண்டி திரும்பிய அன்று, பெட்ரோல் நிலையத்தில் ஆயில் அளக்கும் குவளையை என்னிடம் கொடுத்துவிட்டு, மச்சான் மூட்டைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.