கோனில் வைத்த விரல்

போன ஞாயிறு காலை சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் வாசித்துக்கொண்டிருந்தார். 1981இல் பத்மஸ்ரீ வாங்கிய நம் ஊர்க்காரர். இங்கிலாந்துக்கு வந்த நாளிலிருந்து என் வீட்டில் ஞாயிறு விடிவது அவர் நாதஸ்வரத்தில்தான். அன்றைக்குத் தவில்காரர் தொப்பியில் குச்சியைப் போட்டபோதெல்லாம் இடது பக்கத்து ஸ்பீக்கர் கரகரவென்று இழுத்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்பக்கத் துணியைக் கழற்றிப் பார்த்தேன். கோனைச் சுற்றி ஓடும் ஸ்பாஞ்ச் வளையத்தில் விரல் பட்டதும் காய்ந்த புட்டு மாதிரி உதிர்ந்து தரையில் விழுந்தது. முப்பது வருஷத்துப் பெட்டி. நான் வாங்கியதே பழசாகத்தான்.

ராசிபுரத்தில் இருந்திருந்தால் துணியில் சுற்றி மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். என் தாய்மாமன் நாற்பது வருஷம் மைக்செட் வைத்திருந்தவர். கோன் கிழிந்தாலும், அதன் பின்னால் இருக்கும் கம்பிச்சுருளான காயில் எரிந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து தானே கட்டிவிடுவார். இங்கே திண்ணையும் இல்லை, மாமாவும் இல்லை. பெட்டியின் முதுகில் சின்னத் தகடு ஒன்றில் அதைக் கட்டிய பட்டறையின் முகவரி, ஒரு எண், பேனாவால் எழுதிய இரண்டு எழுத்து. பட்டறைக்குப் போன் போட்டேன். அந்தப் பட்டறை இன்னும் இருக்கிறதாம், புதன்கிழமை எடுத்துவரச் சொன்னார்கள்.

பட்டறை இருப்பது சசெக்ஸில். லண்டனுக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் சசெக்ஸ் ஸ்பீக்கர்காரர்களின் சீமை. வொர்திங் என்ற கடலோர ஊரில்தான் 1966இல் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். பிபிசியில் வேலை பார்த்த ஸ்பென்சர் ஹியூஸ் 1969இல் தொடங்கிய கம்பெனிக்குத் தன் பேரில் பாதி, மனைவி டோரதியின் பேரில் பாதி சேர்த்து ஸ்பெண்டர் என்று வைத்தார். அதே பிபிசியின் டட்லி ஹார்வுட் 1977இல் தன் பேரோடு மனைவி எலிசபெத்தின் பேரைச் சேர்த்து ஹார்பெத் என்று வைத்தார். இதைப் படித்தபோது எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. பெண்டாட்டி பேரிலும் மகள் பேரிலும் சவுண்ட் சர்வீஸ் வைக்காத மைக்செட்காரர் நம் சேலம் நாமக்கல் பக்கம் யார் இருக்கிறார்? என் மாமாவுடையதும் மூத்த மகள் பேரில்தான்.

நான் போன பட்டறை பேர்போன இடம் இல்லை. பழைய மாட்டுக் கொட்டகையைப் பிரித்துக் கட்டியது, பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் ஒருவர் காதுமூடி ஒன்றை நீட்டினார். உள்ளே பலகை அறுக்கும் மிஷின் ஓடுகிறது, இதைப் போடாமல் அந்த அறைக்குள் விடமாட்டேன் என்றார். இரண்டே நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். விடவில்லை.

இந்த விதியை உங்களுக்கு விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும். வேலையிடத்து இரைச்சலுக்கென்றே 2005இல் இங்கே தனி விதிகள் போட்டார்கள். எட்டு மணி நேர வேலைநாளின் சராசரி 80 டெசிபலைத் தொட்டால், முதலாளி ஆபத்தை எடுத்துச் சொல்ல வேண்டும், கேட்கிற ஆளுக்குக் காதுமூடி கொடுக்க வேண்டும். 85ஐத் தொட்டால் முதலில் இரைச்சலையே குறைக்க வழி பார்க்க வேண்டும். அப்படியும் குறையவில்லை என்றால் கேட்காவிட்டாலும் காதுமூடி கொடுக்க வேண்டும், தொழிலாளி போட்டே ஆக வேண்டும், அந்த இடத்தில் பலகை எழுதி மாட்ட வேண்டும். மூடியைத் தாண்டிக் காதுக்குள் போவது 87ஐ மீறவே கூடாது. அந்த இரைச்சலிலேயே அன்றாடம் நிற்பவர்களுக்குக் காதுப் பரிசோதனையும் செய்ய வேண்டும். 2008இலிருந்து பாட்டுக் கச்சேரி, நாடகம், நடன விடுதி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மேடையில் ஸ்பீக்கர் கட்டுகிற ஆளும் இதற்குள் வருகிறார்.

85க்கும் 88க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெசிபலில் மூன்று ஏறினால் ஒலியின் சக்தி இரண்டு மடங்கு. காது தாங்கும் நேரம் பாதியாகிறது. 85இல் எட்டு மணி நேரம் என்றால் 88இல் நாலு மணி, 91இல் இரண்டு, 94இல் ஒன்று. 100 டெசிபலில் கால் மணி நேரம் நின்றாலே அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். பலகையில் எழுதியிருந்த இந்தக் கணக்கைக் காதுமூடியோடு நின்று படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது.

மாமா மாரியம்மன் நோம்பிக்கு மூன்று நாள், கல்யாணத்துக்கு இரண்டு நாள், பெட்டிகளுக்கு நடுவில் கயிற்றுக்கட்டில் போட்டு ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே படுத்திருப்பார். கால் மணிக் கணக்கை அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஐம்பது தாண்டியதும் அத்தை பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்றுதான் புரியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். இரைச்சல் முதலில் தின்பது நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்து மெல்லிய ஒலிகளை. ச, த, க எல்லாம் ஒன்றாகிவிடும். வீட்டில் அவருக்கு அசட்டை என்று நினைத்தோம். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று நானே கோபித்திருக்கிறேன். அறுபதில் இரண்டு காதும் அடைத்துவிட்டது. நம் நாட்டிலும் 2000இல் ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்பில் பகலில் 55, இரவில் 45 என்றெல்லாம் இருக்கிறது. அதெல்லாம் கேட்கிறவர்களுக்கு. மரத்தில் குழாய் கட்டுகிறவரின் காதைப் பற்றி மாமாவிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

மர அறையில் பலகைகள் மெலிசாக இருந்தன. இவ்வளவு விலை உள்ள பெட்டிக்கு இவ்வளவு மெலிசா என்று கேட்டேன். அதுதான் பிபிசி வழியாம். தடித்த பலகை அதிர்ந்தால் அந்த அதிர்வு பேச்சுக் குரல் இருக்கும் இடத்திலேயே வந்து நின்று மனுஷன் குரலைக் கெடுக்கும். மெலிசான பிர்ச் பிளைவுட்டை எடுத்து உள்பக்கம் தார்ப்பட்டை ஒட்டினால் அதிர்வு கீழே இறங்கிச் செத்துவிடும். 1970களில் ஒளிபரப்பு வேன்களுக்காக பிபிசி உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற குட்டிப் பெட்டியும் இந்த வம்சம்தான். செய்தி வாசிப்பவர் குரல் அவர் குரலாகவே கேட்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தது.

மேலே ஒட்டும் வெனீரை ஒருவர் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மரத்தில் அடுத்தடுத்துச் சீவிய தாள்களை ஒரே ஜோடிக்கென்று கட்டி வைக்கிறார்கள். இடது பெட்டியில் ஓடும் ரேகை வலது பெட்டியிலும் அப்படியே ஓடுகிறது. அழகுதான், மனசாரச் சொல்கிறேன். ஆனால் கூட வந்து சுற்றிக்காட்டியவர், இந்த மாதிரிக் கைவேலையை உலகத்தில் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றபோது என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. நாமக்கல்லில் வெறும் சேஸிஸ் வந்து நிற்கும், அதன்மேல் ஒரு தச்சர் பலகை சேர்த்து, வெல்டர் ஆங்கிள் அடித்து, பெயின்டர் மயிலும் தாமரையும் எழுதி லாரியாக்கி அனுப்புவார்கள் என்றேன். திருச்செங்கோட்டில் கட்டும் போர்வெல் ரிக் ஆப்பிரிக்கா வரை போய்ப் பூமியைத் துளைக்கிறது என்றேன். இங்கே ஒரு ஜோடி பெட்டிக்குச் சொன்ன விலையில் ஊரில் ஓடுகிற பழைய லாரி ஒன்றே வாங்கிவிடலாம். அந்த லாரி பத்து டன் மஞ்சளை ஏற்றிக்கொண்டு வடக்கே போய்த் திரும்பும்.

மாமா மைக்செட் வைத்திருந்த கதையையும் சொன்னேன். அவர் மாமாவின் குழாயைப் பற்றிக் கேட்டார். தகரக் குழாய் ஸ்பீக்கரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாராம். தொண்டை குறுகல், வாய் அகலம். உள்ளே இருக்கும் கையகலத் தகடு அதிர்ந்தால் அந்த வடிவம் அதைக் காற்றோடு இறுகப் பிணைத்துத் தள்ளும். அவருடைய குட்டிப் பெட்டி அதே சத்தம் போட நூறு மடங்குக்கும் மேலே கரண்ட் கேட்கும். பேஸ் வராது என்றார். வராதுதான். புளியமரத்து உச்சியில் கட்டினால் ஆடி மாதத்து விடியலில் எல்.ஆர். ஈஸ்வரி நாலு ஊருக்குக் கேட்பார், ஏரிக்கு அந்தப் பக்கம் வயலில் நிற்கிறவர்களுக்கும் நோம்பி சாட்டியாயிற்று என்று தெரியும். இவர்கள் பெட்டி கட்டுவது ஒரே ஒரு நாற்காலிக்கு.

என் ஸ்பீக்கரைக் கடைசி மேசையில் ஒரு அம்மா வாங்கிக்கொண்டார். அறுபது வயதிருக்கும். அழுகிய ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்து, பழைய பசையைத் துடைத்து, நடுவில் இருக்கும் மூடியைக் கத்தியால் நெம்பி எடுத்தார். உள்ளே காயிலும் காந்தத்தின் நடுத்தண்டும் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவில் மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. காயில் துளி சாய்ந்தாலும் உரசும், உரசினால் கரகரக்கும். அந்த இடைவெளியில் பிளாஸ்டிக் தாளைக் குச்சி குச்சியாகக் கத்தரித்து நாலு பக்கமும் செருகினார். காயில் அசையாமல் நடுவில் நின்றது. பிறகு புது வளையத்தை ஒட்டினார்.

நான் குனிந்துவிட்டேன். மாமா ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று போட்ட எக்ஸ்ரே பிலிமைக் கத்தரித்து இதே மாதிரி செருகுவார். விலா எலும்பு படம் தெரியும் துண்டுகளை நாங்கள் பொறுக்கி விளையாடியிருக்கிறோம்.

பசை காய்ந்ததும் அந்த அம்மா குச்சிகளை ஒவ்வொன்றாக உருவினார். இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரலைக் கோனின் நாலு திசையிலும் வைத்து, ஒரே அளவாக மெதுவாய் அழுத்தி விட்டார். காதைக் கோனுக்குக் கிட்டே கொண்டுபோய் மறுபடி அழுத்தினார். மூச்சைக்கூட நிறுத்தியிருந்தார். அப்படியே என் மாமா. அதே விரல்கள், அதே சாய்ந்த கழுத்து, கண் எங்கேயோ நிலைத்திருக்கும் அதே பார்வை. 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பேர் காகிதக் கோனுக்குப் பின்னால் காயிலை வைத்துச் செய்த ஸ்பீக்கரின் வழிதான் இன்றைக்கும். காயில் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க விரலும் காதும்தான் சசெக்ஸிலும், ராசிபுரத்திலும்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தார். என் பெட்டியின் எண்ணுக்கு நேரே முப்பது வருஷத்துக்கு முந்தைய கிராஃப் இருந்தது. புதிதாக அளந்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டும் அரை டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டுமாம், ஒத்துப்போனது. தேதி எழுதி, கீழே தன் பேரை எழுதினார். முதல் கிராஃபின் அடியில் பெட்டி முதுகில் இருந்த அதே இரண்டு எழுத்து. அந்தப் பெட்டியைக் கட்டியவரும் அவர்தான்.

என் மாமா கட்டிய கோன்கள் நாமகிரிப்பேட்டையிலிருந்து சேந்தமங்கலம் வரை எத்தனை கோயிலில் பாடியிருக்கும். எந்த ஃபைலிலும் அவர் பேர் இல்லை. கல்யாண வீட்டில் அவரைக் கூப்பிடுவது, 'ஏய் மைக்செட்டு, சத்தத்தைக் கொற!' கடைசிப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவ ஆரம்பித்த பிறகு இலை போடுவார்கள். நம் லாரியின் பின்பக்கத்தில்கூடப் பட்டறைக்காரர் பேரும் போன் நம்பரும்தான் இருக்கும். பலகையைச் சேர்த்த தச்சர் பேர் இருக்காது. இவர்களுக்கு எல்லாமே ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை, அந்த விலை எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. ஆனால் செய்தவர் பேரை எழுதி முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்து நான் ஏங்கித்தான் போனேன்.

சனிக்கிழமை வீடியோவில் ஊருக்குப் பேசினேன். அங்கே சாயங்காலம், கோயிலில் செட்டு பாடிக்கொண்டிருந்தது. அத்தை போனை மாமா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. துணியைக் கழற்றி, கோனில் நாலு விரலை வைத்து அழுத்திக் காட்டினேன்.

'இன்னொருக்கா அமுக்கு அம்மிணி,' என்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். 'நடுவுல உக்காந்திருக்குது. நல்ல கை. யாரு கட்டுனது?'

அந்த அம்மாவின் பேரைச் சொன்னேன். செட்டுச் சத்தத்தில் அத்தைக்கே சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். அத்தை குனிந்து மாமாவின் காதில் இரண்டு தரம் கத்திச் சொன்னார்.