டாக்டரம்மாள் கேட்ட கேள்வி

ஞாயிறுதோறும் லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அக்காள் வீட்டில் எனக்கு இட்டிலி உண்டு. விடுதிச் சாப்பாட்டில் வாடும் நண்பர்கள் பொறாமைப்பட வேண்டாம். அதற்குக் கூலியாக மொழிபெயர்ப்பாளன் வேலை பார்த்திருக்கிறேன். அத்தான் வெளியூர் போயிருந்த ஒரு நாள், மூன்று மாதக் கர்ப்பிணியான அக்காளை டாக்டரிடம் அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வங்காளி டாக்டரம்மாள் கேள்விமேல் கேள்வி கேட்டார். வயது என்ன? இதுதான் முதற் கர்ப்பமா? ஒற்றைக் குழந்தையா, இரட்டையா? நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, முன்பே இரத்தக் கொதிப்பு ஏதேனும் உண்டா? கடைசியில், "உங்கள் தாயாருக்கோ உடன்பிறந்தவளுக்கோ கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறியதுண்டா?"

"இல்லவே இல்லை" என்றாள் அக்காள். நானும் அப்படியே வங்க மொழியில் ஒப்பித்தேன்.

அன்றிரவு பேச்சுவாக்கில் அம்மாவிடம் போனில் இதைக் கேட்டேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, "அக்கா பிறந்தப்ப எனக்கு ஜன்னி கண்டுது. ரெண்டு நாள் நினைவே இல்லை" என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லையாம்? "வலிப்பு வந்த வீடுன்னு பேராயிட்டா அவளை யாருடா கட்டிக்குவாங்க?"

பிரசவ ஜன்னி வேறு, காக்காய் வலிப்பு வேறு. கர்ப்பத்தில் ஏறும் இரத்த அழுத்தம் முற்றிய நிலைதான் ஜன்னி. நஞ்சுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சரிவர விரியாததில் அது பெரும்பாலும் தொடங்குகிறது. வந்த ஜன்னியை அடக்குவதில் நம் சென்னைக்கு ஒரு பெயருண்டு. டாக்டர் கிருஷ்ண மேனன் 1961இல் வெளியிட்ட, மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை பல்லாண்டுகள் நம் நாட்டில் கையாளப்பட்டது. 1995இல் வந்த பன்னாட்டு ஆய்வுக்குப்பின் மக்னீசியம் சல்பேட் என்னும் மலிவான உப்பு முதலிடம் பிடித்தது. அக்காள் விஷயத்திலோ, வருமுன்னே செய்யக்கூடியது இருந்தது.

மறுநாளே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். முதற் கர்ப்பம், தாயாருக்கு வந்தது, இரண்டும் சேர்ந்தால் கணக்கே வேறு என்றார் டாக்டரம்மாள். பதினாறு வாரத்துக்குள் தொடங்க வேண்டிய சிற்றளவு ஆஸ்பிரின் எழுதித் தந்தார். ஒவ்வொரு தடவையும் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். 140/90ஐத் தொட்டாலோ, கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றாலோ உடனே வர வேண்டும். ஜன்னிக்கு வங்க மொழியில் 'கிஞ்சுனி' என்பதை அன்றுதான் கற்றேன்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அக்காளை ஊருக்கு அனுப்பவில்லை. அம்மாதான் வளையல் பெட்டியோடு சென்னை மெயிலில் வந்து ஹௌராவில் இறங்கினாள். டாக்டரம்மாள் அவளையும் உட்கார வைத்தார். கர்ப்பத்தில் இது வந்தவர்களுக்குப் பிற்காலத்திலும் இரத்தக் கொதிப்பு வர வாய்ப்பு அதிகமாம். கையில் பட்டியைச் சுற்றும்போது, "எனக்கெதுக்கும்மா?" என்றாள் அம்மா.

அக்காளுக்கு அன்று 118/76. அம்மாவுக்கு 160/100.